விபத்து இழப்பீடு: சமரசமா, வழக்கா? வக்கீல் கட்டணத்தில் எது மிச்சம்?

கார் மோதிக் காலில் எலும்பு முறிந்து படுத்திருப்பவரிடம் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "வர்றதை வாங்கிட்டு முடிச்சிடு" என்பார் ஒருவர். "லோக் அதாலத்ல வெச்சா சீக்கிரம் கிடைக்கும்" என்பார் இன்னொருவர். "விடாதே, தீர்ப்பு வரைக்கும் நடத்து" என்பார் மூன்றாமவர். மூன்றுமே சட்டம் திறந்து வைத்திருக்கும் வழிகள்தான். எது லாபம் என்பது காயத்தைப் பொறுத்தது. அதைவிட, எப்போது கையெழுத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

164-வது பிரிவு: கேள்வி கேட்காத பணம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்தது இது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிந்தாலும் மூட்டு விலகினாலும் பல் உடைந்தாலும் சட்டப்படி கொடுங்காயம்தான்.

மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டு, கை பழைய நிலைக்கு வந்துவிட்டவருக்கு இதுவே போதும். வழக்கு நடத்தினால் இவ்வளவு தேறுவது சந்தேகம். தன் மேலும் பாதித் தப்பு இருக்கிறது, சாட்சி இல்லை என்பவருக்கும் இந்த வழி பொருந்தும்.

நிரந்தர ஊனம் வரப்போகிறவருக்கோ இது பொறி. பழைய சட்டத்தின் 140-வது பிரிவில் கிடைத்தது இடைக்காலப் பணம். வாங்கிக்கொண்டு வழக்கையும் நடத்தலாம், முடிவில் கழித்துக்கொள்வார்கள். அந்த நினைப்பில்தான் இன்றும் பலர் "இதை வாங்கிக்க, கேஸ் தனியா நடக்கும்" என்கிறார்கள். இப்போது அப்படி இல்லை. 149-வது பிரிவின் நடைமுறைப்படி 164 பணத்தை ஏற்றுக்கொண்டால், முழு இழப்பீடு கேட்டு 166-வது பிரிவின் கீழ் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும்.

சமரசம்: இரண்டு மேஜைகள்

முதல் மேஜை இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. விபத்துத் தகவல் வந்ததும் கம்பெனி நியமித்த அதிகாரி 30 நாளுக்குள் ஒரு தொகை சொல்ல வேண்டும் என்கிறது 149-வது பிரிவு. சம்மதித்தால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும்; பதிவான 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். வேகம் நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் எலும்பு கூடியே இருக்காது. உள்ளே வைத்த தகடு நிற்குமா, முட்டி மடங்குமா, இன்னோர் ஆபரேஷன் தேவைப்படுமா என்று டாக்டருக்கே தெரியாத கட்டம் அது. ஊனம் எவ்வளவு என்று தெரியாமல் ஊனத்துக்கு விலை பேசுவது எப்படி?

லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தின் வசதி இங்கேதான். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அங்கே வைக்கலாம். எலும்பு கூடி, மருத்துவ வாரியத்தின் ஊனச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு போய் உட்காரலாம். பேச்சு படியாவிட்டால் வழக்கு இருந்த இடத்துக்கே திரும்பும். நஷ்டம் எதுவும் இல்லை. படிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அங்கே தரும் அவார்டே, அதாவது முடிவே, இறுதி. பிறகு "குறைச்சலாப் பேசிட்டோம்" என்று மேல்முறையீடு போக முடியாது.

மேஜையில் சொல்லப்படும் தொகை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு கணக்கு பார்ப்போம். வயது 32, டூவீலர் மெக்கானிக், மாத வருமானம் 15,000. காலில் 40 சதவீத ஊனம் என்று சான்றிதழ். கம்பெனி தரப்பு, சதவீதத்துக்கு 5,000 என்று பெருக்கினால் 2,00,000 ரூபாய்.

இதையே வருமான இழப்பாகக் கணக்கிட்டால் வேறு கதை. 15,000-உடன் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16, அதனால் 40,32,000. உட்கார்ந்து எழுந்து செய்யும் வேலையில் அவருடைய சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்தது என்று தீர்ப்பாயம் ஏற்றால், 8,06,400 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலி வேதனை எல்லாம் இதற்கு மேல் தனி.

ஒரே கால், ஒரே சான்றிதழ், வித்தியாசம் 6 லட்சத்துக்கு மேல். ஒரு உறுப்பின் ஊனம் வேறு, அதனால் பிழைப்பில் ஏற்படும் குறைவு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. மேஜையில் உட்காரும் முன் உங்கள் வக்கீலிடம் இந்த இரண்டு கணக்கையும் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் பேரம் பேசுவதிலும் தயங்குவார்.

இன்னொன்று: சொல்லும் தொகை வட்டியும் செலவும் சேர்த்தா, சேர்க்காமலா? 10 லட்சத்துக்கு 7.5 சதவீத வட்டி என்றால் இரண்டு ஆண்டுக்கு 1.5 லட்சம். "ஃபுல் செட்டில்மென்ட்" என்ற ஒரு வார்த்தையில் அது கரைந்துபோகும்.

தீர்ப்பு வரை நடத்துவது

ஊனம் பெரிது, கம்பெனி சொல்லும் தொகை சிறிது என்றால் இதுதான் வழி. மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 166(3). போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே மனுவாக ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

தோற்பதும் தொகை குறைவதும் பெரும்பாலும் காகிதத்தில்தான். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் இருந்து, எஃப்.ஐ.ஆர். நான்கு நாள் கழித்துப் பதிவாகியிருந்தால், கார் மோதியதா என்பதே கேள்வியாகிவிடும். வருமானத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைக்கும், அது குறைவாகவே இருக்கும். வங்கிக் கணக்கு வரவு, கடை வாடகை ரசீது எதுவானாலும் எடுத்து வையுங்கள். மருந்து பில்கள் ஒரிஜினலாக இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே நகல் எடுப்பது நல்லது.

தீர்ப்பு பிடிக்காவிட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். கம்பெனியும் போகலாம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கட்டணம்: சதவீதமா, மொத்தமா, இலவசமா?

"கையிலிருந்து ஒண்ணும் தர வேண்டாம், வந்ததில் இவ்வளவு" என்ற பேச்சு காதுக்கு இனிக்கும். இந்தியாவில் அது செல்லாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கணக்கிலும் அது அடிதான். வரும் பணத்தில் நீங்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கட்டியதும் இருக்கும். 10 லட்சத்தில் 1.8 லட்சம் மருத்துவச் செலவு என்றால், 20 சதவீதப் பங்கு அதிலும் 36,000-ஐக் கடித்துக்கொண்டு போகும்.

மொத்தத் தொகை பேசி, மனு போடும்போது, சாட்சி விசாரணையில், தீர்ப்பில் என்று மூன்று தவணையாகக் கொடுப்பது தெளிவான வழி. நீதிமன்றக் கட்டணமும் சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டாவும் டாக்டர் சாட்சிச் செலவும் இதில் அடக்கமா என்று எழுதிக்கொள்ளுங்கள். லோக் அதாலத்தில் சீக்கிரம் முடிந்தால் மிச்சத் தவணை உண்டா, இல்லையா என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும்.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். விபத்தில் அடிபட்ட பெண் பலருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

எந்த வகையில் பேசினாலும் வெற்றுத்தாளில் கையெழுத்து, நிரப்பாத காசோலை, பாஸ்புக் மூன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். வக்கீலை மாற்ற நினைத்து, பழையவர் "ஃபீஸ் பாக்கி, கட்டைத் தர மாட்டேன்" என்றால், கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாகத்தான் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.