எதுகையும் இயைபும்

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப்பாட்டும் மலையாளப்பாட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு, செய்யுளில் ஒலிகள் ஒன்றிவரத் தொடுக்கும் தொடையைவிடத் திரைப்பாட்டின் தொடை தாழ்ந்தது என்னும் பேச்சு உடன்பாடன்று. முதற்குறளில் ‘அகர’, ‘பகவன்’ என இரண்டாம் எழுத்து ஒன்றி, அடிகளின் தலையிலேயே எதுகை அமைகிறது. மலையாளத்தார் இதனைத் துவிதீயாட்சரப் பிராசம் என்பர். மெட்டுக்கு எழுதுபவருக்கோ, இசை வரியின் முடிவில் ஓய்வதால், ஈற்றில் ஒன்றும் இயைபே பெரிதும் கைகொடுக்கிறது.

‘வந்தேன், நின்றேன், சென்றேன்’ என்பது விகுதி தரும் ஒலி மட்டுமே. அதில் கவிஞரின் உழைப்பில்லை, அது செய்யுளில் இருந்தாலும் எனக்குச் சலிப்பே. ‘தோணி, ஏணி’ என்றால் கடப்பதும் ஏறுவதும் ஒலியால் உறவாகின்றன, அதுவே நல்ல தொடை.

பாட்டுக்குத் தனிச் சலுகையும் உண்டு: ‘மனம்’, ‘வானம்’ என்பவை முதலெழுத்தின் அளவு குறிலும் நெடிலுமாய் வேறுபடுவதால் இலக்கணப்படி எதுகையாகா; பாடகர் ‘ம’வை நீட்டியதும் செவி அவற்றை ஏற்றுக்கொள்கிறது.