தனியச்சுப் பிரதியா, பிடிஎப்பா?

ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்டு, மெல்லிய அட்டை போட்டு எழுதியவருக்குக் கொடுப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் 25 அல்லது 50 பிரதி கிடைக்கும். அதுதான் தனியச்சு. இன்று அந்த இடத்தைப் பிடிஎப் பிடித்துவிட்டது.

வேகம் என்றால் பிடிஎப்தான். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருக்கும் மாணவி ஒரு கட்டுரைக்காகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வேண்டிய சொல்லையும் உடனே தேடலாம்.

ஆனால் மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றிய ஆய்வு என்றால் நான் தனியச்சின் பக்கம். அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பற்றிய கட்டுரையை லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருக்கும் ஒரு தாத்தாவிடம் போனில் காட்டிப் பாருங்கள், இரண்டு பக்கத்தில் கண் சோர்ந்துவிடும். கையில் கொடுத்தால் ஆறுதலாக வாசிப்பார், ஓரத்தில் பேனையால் குறிப்பார், அப்புறம் அது பக்கத்து வீட்டுக்கும் போகும். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் கைக்கு எழுத்து போய்ச் சேர வேண்டாமா? இதழின் பக்க எண்களே வழக்கமாகத் தனியச்சிலும் இருக்கும் என்பதால் மேற்கோள் காட்டவும் சிக்கலில்லை. (அவசரத்தில் எடுத்த போட்டோக் கொப்பியில் இதழின் பெயரும் ஆண்டும் விடுபட்டுப்போவது உண்டு.)

ஈரம்தான் எதிரி. நுவரெலியாப் பக்கம் சுவரோரம் வைத்த தாளில் பூஞ்சணம் பிடிக்கும், கம்பிப் பின் துருவேறும். சுவரை விட்டுத் தள்ளி, காற்றுப் படும் அலுமாரியில் வையுங்கள்.

சரி, பதிப்பாளர் தனியச்சு தராவிட்டால்? அனுமதி கேட்டு, பிடிஎப்பையே சிறு நூலாக அச்சிட்டு, இதழ் விவரத்தை அட்டையில் போடுங்கள்.