பணம் கணக்கில் ஏறாமல் மாட்டை லாரியில் ஏற்றாதீர்கள்

பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். என் மூன்று எருதுகள் லாரியேறிப் போய் இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. எனக்கு வரவேண்டிய 1,06,000 ரூபாயில் ஒரு காசுகூட இன்னும் வரவில்லை. மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே, நெஞ்சு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

ஏர் பூட்ட முடியாத வயதான எருதுகளை அடிவாரத்து ஊர்களில் வாங்கி, மழைக்காலப் புல்லில் மேய்த்து, தவிடும் புண்ணாக்கும் வைத்துத் தேற்றி, தை மாதத்தில் இறைச்சி வியாபாரிகளுக்கு விற்பது எங்கள் தொழில். மாசி பிறந்தால் மலையில் புல் காய்ந்துவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் தீவனச் செலவே மாட்டின் விலையைத் தின்றுவிடும். மூன்று மாட்டுக்காக ஒரு வண்டி பிடித்து ஒட்டன்சத்திரத்துக்கோ பொள்ளாச்சிக்கோ போனால் வாடகையும் தரகும் போக மிஞ்சுவது சொற்பம்; விலை படியவில்லை என்று மாட்டைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. ஆகவேதான் இந்த முறை, கால்நடைகளை வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு கைபேசிச் செயலியில் படம் போட்டேன்.

மறுநாளே ஒருவர் அழைத்தார், 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். அந்தப் பணம் உண்மையாகவே வந்து சேர்ந்தது. நேரில் வந்தவர் மற்ற வியாபாரிகளைப் போலக் கண்ணால் பார்த்து எடையைக் குறைத்துச் சொல்லவில்லை. நாடாவை எடுத்துப் பெரிய எருதின் மார்புச் சுற்றளவை அளந்தார். 160 சென்டிமீட்டர் இருந்தது. தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை 130 இருந்தது. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்து, 307 கிலோ என்றார். கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்த அதே கணக்கில் முந்தின நாள் இரவு நானும் 307 என்றுதான் குறித்து வைத்திருந்தேன். மூன்றும் சேர்ந்து 852 கிலோ. உயிர் எடை கிலோவுக்கு 130 ரூபாய் வீதம், சில்லறையைத் தள்ளாமல் மேலே ஏற்றி, 1,11,000 ரூபாய் என்று அவரே சொன்னார். எடையில் ஏமாற்றாதவர் எதிலும் ஏமாற்றமாட்டார் என்று நம்பினேன். புதுக் கயிறு கொண்டுவந்து பூட்டியபின், பழைய கயிறுகள் மூன்றையும் முறைப்படி என் அம்மாவின் கையில் கொடுத்து, "இது உங்க வீட்டு லட்சுமி, உங்ககிட்டேயே இருக்கட்டும் அம்மா" என்றார். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

பிறகு என் கண் முன்னாலேயே கைபேசியைத் தட்டினார். 1,06,000 ரூபாய் அனுப்பப்பட்டது என்று பச்சை நிறத்தில் திரை காட்டியது. என் கைபேசிக்குச் செய்தி வரவில்லை. "உங்க ஊர்ல டவர் எங்கே இருக்கு அண்ணே, கீழே இறங்கினா வந்துடும்" என்றார். எங்கள் ஊரில் டவர் சரியாகக் கிடைக்காது என்பது உண்மைதான், அதனால் மேற்கொண்டு கேட்காமல் லாரியை விட்டுவிட்டேன். மறுநாள் வத்தலக்குண்டில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான், அந்தத் திரையே போலி என்று தெரிந்தது.

முதலில் வங்கியில் கோளாறு என்றார், அடுத்து இரண்டு வேலை நாள் பொறுங்கள் என்றார், நான்காம் நாளிலிருந்து அவருடைய எண் அணைந்தே கிடக்கிறது. செயலியின் உதவி எண்ணில் பேசிய பெண், வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்துவிடுவது மட்டுமே தங்கள் வேலை, பணத்துக்குப் பொறுப்பில்லை என்று மூன்று முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். அந்த ஆளின் கணக்கையாவது முடக்குங்கள் என்றேன். புகார் எண் ஒன்று கொடுத்ததோடு சரி. காவல் நிலையத்தில் முதல் கேள்வியே, மாடு எதற்குப் போகிறது என்பதுதான். பிறகு, இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இறைச்சிக்குப் போகும் மாடு என்றால் நாம் புகார் கொடுக்கவே அஞ்சுவோம் என்பது இந்த ஏமாற்றுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்றோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக உதவாமல் போன மாடு என்றோ சான்று பெற்ற பிறகே அறுக்கலாம் என்கிறது. அது அறுப்பதற்கான கட்டுப்பாடு. விற்ற மாட்டுக்குப் பணம் கேட்பது குற்றமாகாது. என் எருதுகள் மூன்றும் பத்து வயதைக் கடந்தவை. போன 1,06,000 ரூபாயில் 66,000 ரூபாய் அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய கடன்.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஒருநிலையில் இல்லை. அடுத்தவர் கைபேசித் திரையை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கயிற்றை அவிழுங்கள். மாட்டின் காதில் அடையாளத்துக்காக மாட்டியிருக்கும் தோட்டின் 12 இலக்க எண்ணையும் லாரி எண்ணையும் குறித்து வையுங்கள். நான் தோட்டின் எண்களைக் குறித்திருந்தேன், லாரி எண்ணைக் குறிக்கவில்லை. ஏமாந்தால் அன்றைக்கே, இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் ஆறாம் நாள்தான் அழைத்தேன்.