மிரிஸ்ஸ திமிங்கிலப் படகுகள்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

இலங்கையின் தென்கோடியில், மாத்தறைக்குப் பக்கத்தில் இருக்கிறது மிரிஸ்ஸ. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் திமிங்கிலம் காட்டும் படகுகள் கிளம்பிவிடும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று கடலைப் புரட்டிப் போடும். அப்போது பாதி விலைக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இங்கே கிடைப்பது நீலத் திமிங்கிலம். அண்டார்டிக் கடலில் திரியும் இனத்தைவிடக் கொஞ்சம் சிறிது என்றாலும் இருபது மீட்டருக்கு மேல் நீளும். துருவத்துக்கு வலசை போகாமல் ஆண்டு முழுவதும் இந்த வெப்பக்கடலிலேயே மேய்கிற கூட்டம் இது. அருகிலுள்ள தெய்வேந்திரமுனைப் பக்கம் கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால், பெரும் பயணம் போகாமலே பார்க்க முடிகிறது. துருவத்து உறவினர்களுக்குக் கிரில் எனும் இறால் போன்ற சிற்றுயிர் என்றால், இதற்கு முக்கிய இரை நம் ஊர்ச் சந்தையில் கருவாடாகக் கிடைக்கும் கூனி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்த பொடி இறால். தண்ணீரில் செங்கல் நிறத்தில் கலங்கல் திட்டு மிதந்தால் கேமராவைத் தயார் செய்யுங்கள். அது திமிங்கிலத்தின் கழிவு. அங்கே இரை தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

படகை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மேல்தளத்து மெத்தை இருக்கையும் காலைச் சாப்பாட்டுப் பொட்டலமும் இரண்டாம் பட்சம். ஓட்டுகிறவருக்குப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் விஷயம். நீலத் திமிங்கிலம் மேலே வந்தால் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டு மூச்சு விடும். பிறகு முதுகை வளைத்து, சில சமயம் வாலைத் தூக்கி, உள்ளே போகும். பத்து நிமிடம் போல ஆளைக் காணோம். விவரம் தெரிந்தவர் அது போன திசையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, எஞ்சினை நியூட்ரலில் போட்டுக் காத்திருப்பார். அவசரக்காரர் மூச்சுத் தாரையைக் கண்டதும் முழு வேகத்தில் அதன் முன்னால் போய்க் குறுக்கே நிற்பார். அது இரண்டு மூச்சைக் குறைத்துக்கொண்டு மூழ்கிவிடும். யாருக்கும் படம் கிடைக்காது. 2012-இல் வந்த விதிமுறைப்படி நூறு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். காகிதத்தில் சரி. ஒரே விலங்கைச் சுற்றிப் பத்துப் படகு சேர்ந்துவிட்ட காலையில் அதை யாரும் மதிப்பதில்லை. இந்தச் சேவையில் பெரிய ஓட்டையே இதுதான். ‘எவ்வளவு கிட்டப் போவீர்கள்?’ என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ‘தொட்டுவிடலாம் சார்’ என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு நீட்டுவார்கள். பலன் குறைவு. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். தலைசுற்றும் உடம்புக்கு மேல்தளம் ஆகாது. உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கடைசி வரிசையில் டீசல் புகை. கீழ்த்தளத்தின் நடுப்பகுதிதான் தேவலை. தெற்கு நோக்கிப் போகும்போது வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்பதால், கண் கூசாமல் பார்க்க வலப்பக்கம் உட்காருங்கள். 200 எம்எம்மாவது இல்லாத லென்சுக்கு முதுகு ஒரு கருங்கோடாகத்தான் விழும். கைபேசிக்காரர்கள் வீடியோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எதுவும் தென்படாவிட்டால் பெரும்பாலான படகுக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. இன்னொரு நாள் சும்மா கூட்டிப்போவதாகச் சொல்வார்கள். ஆகவே ஊரில் கடைசி நாளன்று போகாமல் முதல் நாளே போய்விடுங்கள். சுழல் ஓங்கில் (டால்பின்) கூட்டம் கண்ணில் படலாம். எண்ணெய்த் திமிங்கிலம் (ஸ்பெர்ம் வேல்) வந்தால் அதிர்ஷ்டம்: அதன் மூச்சுத் தாரை நேராக எழாமல் முன்பக்கம் இடது சாய்வாக வரும். கணவாய் மீன் தேடி ஆழத்துக்குப் போனால் முக்கால் மணி நேரம்கூட வராது. அதற்காகக் காத்திருக்கச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்க வேண்டாம்.

தூரத்தில் வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களையும் கவனியுங்கள். திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் வழியாகவே உலகின் பரபரப்பான கப்பல் பாதை ஒன்று போகிறது; மோதிச் சாவதும் நடக்கிறது. எம்எஸ்சி என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற எல்லாரும் அப்படி மாறிவிடவில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. விலங்குக்கு ஐந்தும் கொடுக்கலாம். ஒன்றரையைக் கழிப்பது படகுகளின் நெரிசலுக்காக. மே மாதத்துக்குப் பிறகு போகிறவர்களும் தமிழிலேயே பேசிக் கேட்டுப் போக விரும்புகிறவர்களும் திருகோணமலையைப் பார்க்கலாம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சின்ன ஃபைபர் படகுகள்தான். நிழல் குறைவு, கழிப்பறை கிடையாது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்து, கடல் தெளிவாக இருக்கும் நாளில், டிக்கெட்டே இல்லாமல் மூச்சுத் தாரை தெரிவதும் உண்டு. பைனாகுலர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.