வைகையோட வால் பகுதிக்கு எந்த மேப்பு: பழைய டோபோஷீட்டா, சாட்டிலைட்டா?

மதுரைல பாலத்துல நின்னு பாக்குற வைகை வேற, பார்த்திபனூர் மதகணை தாண்டி அங்கிட்டு போற வைகை வேற. அங்க ஆறு வாய்க்கால் வாய்க்காலா பிரிஞ்சு கண்மாய் கண்மாயா நெறச்சுக்கிட்டே போயி ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல விழும், மிச்சம் இருந்தாதான் ஆற்றங்கரை பக்கம் கடலப் பாக்கும். இந்தப் பகுதிக்கு என் ஓட்டு சர்வே ஆஃப் இந்தியா டோபோஷீட்டுக்குத்தான், அதாவது மேடு பள்ளம், கண்மாய், வாய்க்கால் எல்லாம் குறிச்ச அரசாங்க மேப்பு.

பழசு அங்குலத்துக்கு ஒரு மைல், பின்னாடி வந்தது 1:50,000, அதாவது 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஷீட்டு நம்பர் மதுரைக்கு 58கே/1, ராமநாதபுரத்துக்கு 58கே/15. 1:50,000 ஷீட்டுல கண்மாய்க் கரைய ஒட்டி பொடி எழுத்துல ‘5ஆர்’னு போட்டிருப்பான், பக்கத்துத் தரைய விட கரை 5 மீட்டர் ஒசரம்னு அர்த்தம். நடந்து போயி அளந்தவன் மட்டும்தான் இத எழுத முடியும்.

சாட்டிலைட்ல ஒசரம் பாக்கலாம்ல, 2000-ல விண்கலத்துலேருந்து 11 நாள்ல எடுத்த எஸ்ஆர்டிஎம்ங்கிற ரேடார் ஒசரக் கணக்கு இருக்கேன்னு கேப்பாங்க. அதுக்கு வச்ச பிழை வரம்பே 16 மீட்டர், மரம் அடர்ந்த எடத்துல அது பாக்குறதும் வெறும் தரைய இல்ல, மரத்தோட மேல்பகுதியையும் சேத்துத்தான். தரையே தட்டையா கெடக்குற ஊர்ல, சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்குற எடத்துல அத வச்சு தண்ணி எங்கிட்டு ஓடும்னு எப்படிச் சொல்றது? லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு புள்ளியே 30 மீட்டர், கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற நம்ம வரத்துக்கால் நாலு மீட்டர் அகலம் இருந்தா பெருசு.

பரமக்குடி பக்கம் மாமா வீட்ல ஷீட்ட பாயில விரிச்சப்ப அவரு வெரல வச்சு “இந்தா இருக்குல்ல மாப்ள, எங்க அய்யா காலத்துல இதுலதான் தண்ணி வந்துச்சு”ன்னாரு, அதே எடத்த கூகுள் எர்த்ல பாத்தா வெறும் பச்சைக் கோடு, கருவேலந்தான்.

ஆனா இன்னைக்கு என்ன நெலமைன்னு ஷீட்டு சொல்லாது. பழைய ஷீட்டு எவரெஸ்ட்ங்கிற பழைய பூமி அளவுக் கணக்குல போட்டது, ஜிபிஎஸ் கணக்கு வேற, அப்படியே ஜிபிஎஸ்ல ஏத்துனா நூறு எரநூறு மீட்டர் தள்ளி நிக்கும், கியூஜிஐஎஸ்ங்கிற மேப்பு சாஃப்ட்வேர்ல திருத்திக்கணும்.

அதனால ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மேகம் வெலகுனதும் சென்டினல்-2 சாட்டிலைட் படத்த எடுத்து (ஒரு புள்ளி 10 மீட்டர், அஞ்சு நாளைக்கு ஒருக்க வரும்) அதுக்கு மேல ஷீட்ட வச்சுப் பாக்குறேன். எந்தக் கண்மாய் நெறஞ்சிருக்குன்னு படம் காட்டும், நெறையாத கண்மாய்க்கு எந்தக் கால் அடைபட்டுக் கெடக்குன்னு தேட ஷீட்டுதான் வேணும்.