குரக்கன் புட்டும் சூடை மீனும்: சில வருட கிளீன் ஈட்டிங் அனுபவம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கிளீன் ஈட்டிங் எனக்குப் பலன் தந்தது. தூக்குகிற பாரம் கூடியது, இடுப்பளவு குறைந்தது, மத்தியானச் சோறு உள்ளே போனதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் நித்திரையும் போய்விட்டது. அதற்காக நான் ஓட்ஸையும் புரோக்கோலியையும் கட்டிக்கொண்டு அழவில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் வேகிற அதே சாப்பாட்டில் அளவுகளை மாற்றினேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஜிம்முக்குப் போகிறவர்கள், அதிலும் வீட்டுச் சமையலைத் தாங்களே பார்க்கிற பெண்கள், இது தெரிந்து தொடங்கினால் காசும் மிஞ்சும், வீட்டில் சண்டையும் வராது.

ஜிம்மில் பத்துப் பேரிடம் கேட்டால் கிளீன் ஈட்டிங்குக்குப் பத்துப் பட்டியல் கிடைக்கும். ஊட்டச்சத்துத் துறையில் இதற்கென்று உறுதியான வரையறை கிடையாது. பொதுவாகச் சொல்வது இவ்வளவுதான்: தொழிற்சாலையில் பக்கற்றில் அடைத்து வராத உணவை வீட்டில் சமைத்துச் சாப்பிடு, சீனி, கோதுமை மாப் பலகாரம், பொரித்தது, குளிர்பானம் எல்லாவற்றையும் தள்ளி வை. போட்டி மேடை ஏறுகிற பொடிபில்டர்கள் இதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். நிறுத்து வைத்த கோழி, நிறுத்து வைத்த சோறு, அவித்த மரக்கறி. மாதக்கணக்காக இதேதான். அவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது. தசை கரையாமல் கொழுப்பை மட்டும் கரைக்க வேண்டிய காலத்தில் ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் கணக்கு வைப்பது சுலபம். மேடை ஏறாத எங்களுக்கு அந்த அளவு இறுக்கம் தேவையில்லை.

எனக்குத் தொடக்கத்தில் கிடைத்த உணவுத் தாளும் அந்த வகைதான். முட்டை வெள்ளைக்கரு, ஓட்ஸ், கோழியின் நெஞ்சுப் பக்கம், பாதாம். சில மாதம் அதன்படி சாப்பிட்டேன், எடையும் குறைந்தது. தொடர முடியாததற்குக் காரணம் வீட்டில் இரண்டு உலை வைக்க வேண்டியிருந்ததுதான். எனக்கு ஒரு சமையல், மற்ற எல்லோருக்கும் இன்னொரு சமையல். வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்கிற வீட்டில் அது எத்தனை நாளுக்கு ஓடும்?

அப்புறம்தான் இதைப் பற்றி ஆறுதலாக இருந்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு விஷயங்கள் மனத்தில் தங்கின. 2010 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியராக இருந்த மார்க் ஹோப், கடையில் விற்கும் கிறீம் கேக்கையும் சிப்ஸையுமே பெரும்பாலும் சாப்பிட்டு, ஒரு நாளின் கலோரியைச் சுமார் 1800 க்குள் வைத்து, 10 வாரத்தில் 27 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 12 கிலோ, குறைத்தார். எடை இறங்குவதும் ஏறுவதும் மொத்தக் கலோரியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் வேண்டாம். இரண்டாவது, 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் குழு செய்த ஆய்வு. 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய இரண்டு வகையிலும் கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமன். விரும்பிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையும் ஏறியது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது கிளீன் ஈட்டிங்கின் வேலை எனக்கு விளங்கியது. சமைத்த உணவு வயிற்றை வேளைக்கே நிறைக்கிறது, மெதுவாகச் சாப்பிட வைக்கிறது, அதனால் அளவு தன்பாட்டில் குறைகிறது. அளவு குறையாவிட்டால் எவ்வளவு நல்ல உணவும் எடையைக் கூட்டத்தான் செய்யும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் அதற்கு இடம் நிறைய இருக்கிறது.

தேங்காயில் இருந்து தொடங்குகிறேன். 100 கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 350 கலோரி. புட்டுக்குள் தேங்காய்ப்பூ, கறிக்குப் பால், சொதிக்குப் பால், இடித்த சம்பல் என்று ஒரே வேளையில் நாலு வழியாக அது உள்ளே போகிறது. தேங்காயை விட்டுவிடு என்று எந்த யாழ்ப்பாணத்தாரிடமும் நான் சொல்ல மாட்டேன். நான் செய்தது, கறியை இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பாலை இறக்கும்போது மட்டும் இரண்டு மேசைக்கரண்டி விட்டது. முதல் நாளே மாமி சட்டியை எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, தண்ணிக் கறியாக் கிடக்கு, பால் காணாது" என்றார். "இறக்கேக்கை விடுறன் மாமி, பொறுங்கோ" என்றேன். இறக்கும்போது விட்ட பாலின் வாசம் அப்படியே மேலே நிற்கும். நீண்ட நேரம் கொதித்த பாலில் அது வராது. மாமி இப்போது தானும் அப்படித்தான் வைக்கிறார். அவருக்குச் சீனி வருத்தமும் இருப்பதால், சோறு குறைந்து மரக்கறி கூடிய இந்தச் சாப்பாடு அவருக்கும் பொருந்திப்போனது.

எண்ணெயும் அப்படித்தான். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120 கலோரி. கத்தரிக்காய் பொரித்த குழம்பு எனக்கு உயிர். கத்தரிக்காயோ விடுகிற எண்ணெயையெல்லாம் உறிஞ்சிவிடும். அதை மாதத்தில் ஓரிரு தடவைக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் கத்தரிக்காயைச் சுட்டு, தோலை உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துச் சம்பலாக்கிவிடுகிறேன்.

அடுத்தது புரதம். எங்கள் சாப்பாட்டின் உண்மையான குறை இதில்தான் இருக்கிறது. பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் போதும் என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018 இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. 60 கிலோ எடையுள்ள என்னைப் போன்றவருக்கு அது 96 கிராம். வழக்கமான மத்தியானக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். மலைபோல் சோறு, மூன்று மரக்கறி, ஒரு மீன் துண்டு, கரைத்துவிட்ட பருப்பு. காலையில் இடியப்பமும் சொதியும். இரவில் புட்டு, பழைய கறி. நாள் முழுக்க வயிறு நிறையச் சாப்பிட்டும் 96 இல் பாதியை எட்டுவதே பெரிய பாடு.

இப்போது என் நாள் பெரும்பாலும் இப்படிப் போகிறது. காலையில் இரண்டு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும், சுமார் 20 கிராம். மத்தியானம் மீன் 150 கிராம், அதில் 30. கட்டிப் பருப்பு அரைக் கோப்பை, 9. பின்னேரம் அவித்த கடலை ஒரு கோப்பை, 14. ஒரு தம்ளர் பால், 6 அல்லது 7. இரவில் தோல் நீக்கிய கோழி 120 கிராம் போல, 26. நூறைத் தாண்டிவிடுகிறது. இதில் புதிதாக வாங்கின சாமான் ஒன்றுமில்லை. மீன் துண்டு இரண்டானது, கடலையில் தேங்காய்ச் சொட்டு குறைந்தது, சோறு பாதியானது.

மீன் விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் கொஞ்சம் பலமானது. கடல் பக்கத்தில் இருக்க, குளிர்சாதனப் பெட்டியில் உறைந்து கிடக்கும் கோழி நெஞ்சைத் தேடி ஓட வேண்டாம். காலையில் பாசையூர்ச் சந்தைக்குப் போனால் சூடை, நெத்தலி, விளைமீன், பாரை, திருக்கை எல்லாம் வந்திருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமத்தினால் சதை திரும்பி எழ வேண்டும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது. சூடை பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். முள் கூட என்று பலர் வாங்குவதில்லை. மீன் எண்ணெய் குளிசைக்காகக் காசு செலவழிக்கிற அதே ஒமேகா 3 கொழுப்பு அதில் தாராளமாக இருக்கிறது. பழப்புளி, வெந்தயம், உள்ளி, வறுத்து இடித்த கறித்தூள் போட்டு, பால் விடாமல் மண்சட்டியில் சின்ன நெருப்பில் வற்றவிட்டால், மறுநாள் இன்னும் உருசியாக இருக்கும். சுறா வறையும் நல்ல தேர்வு, கொழுப்புக் குறைந்த சதை. அதற்குள் கொட்டுகிற தேங்காய்ப்பூவை மட்டும் கவனியுங்கள்.

மாச்சத்துக்குக் குரக்கன், அதாவது கேழ்வரகுப் புட்டு. குரக்கன் மாவும் சிவப்பரிசி மாவும் பாதிக்குப் பாதி. நீத்துப்பெட்டியை நிரப்பாமல் முக்கால் பங்குக்கு அவித்தால் இரண்டு பேருக்குப் போதும். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் அதிகம், சாப்பிட்ட பிறகு நெடுநேரம் பசிக்காது. சிவப்பரிசி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கும் வெள்ளை அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்தும் சில உயிர்ச்சத்துகளும் கூட, அதனால் அது நல்லது. சிவப்பரிசி தானே என்று இரண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்டால் நோக்கம் கெட்டுவிடும். பனங்கட்டியும் இதே கதைதான். கனிமச் சத்துக் கொஞ்சம் இருக்கலாம், ஆனாலும் அதன் பெரும்பகுதி சீனிதான். கச்சானில், அதாவது நிலக்கடலையில், புரதம் உண்டு, கூடவே 100 கிராமுக்கு 560 கலோரியும் உண்டு. கையில் ஒரு பிடி என்பதே அளவு.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், கிடையாது. முட்டையும் இல்லை. ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த மாதம் தசையெல்லாம் போய்விடும் என்று பயப்படுவார்கள். என் அனுபவத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கௌபி, பயறு, கடலை மூன்றையும் மாற்றி மாற்றி அவிப்பேன். தயிர் கூடும். வாரத்தில் சில நாள் சோயா மீற். காய்ந்த நிலையில் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் அதில் இருக்கிறது. பக்கற்றில் வருவதால் அதைத் தள்ளி வைக்கிறவர்கள் உண்டு, நான் தள்ளுவதில்லை. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. சோற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகையில் மெதியோனின் என்ற இன்னொன்று குறைவு. ஒரு நாளுக்குள் இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சோறும் பருப்பும் என்று காலம் காலமாகச் சாப்பிட்ட சேர்க்கை அதுவேதான்.

அந்தப் பழக்கம் 2022 பொருளாதார நெருக்கடியில் பெரிதாகக் கைகொடுத்தது. பால்மாவுக்கு வரிசை, முட்டை விலை எட்ட முடியாத உயரம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் நின்றதால் மீனும் விலையேறியது. ஜிம்மில் பலர் அப்போது சாப்பாட்டு ஒழுங்கைக் கைவிட்டுப் பயிற்சியையும் கைவிட்டார்கள். பருப்பு வகைகளின் விலையும் ஏறித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பிடி கௌபியை இரவில் ஊறப்போட எங்கள் வீட்டால் இயன்றது.

வே புரதம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது பாலில் இருந்து ஆலையில் பிரித்தெடுக்கும் தூள், ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம். கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து நேரே பயிற்சிக்கு ஓடுகிற, சமைக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு அது உதவும். மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு மூன்று வேளையும் பாணும் சம்பலும் சாப்பிடுகிற தம்பிமாரைக் கண்டால்தான் மனம் கேட்பதில்லை. அந்தக் காசுக்கு எவ்வளவு முட்டையும் சூடையும் வரும்!

இதில் எனக்கு உண்மையாகக் கவலை தருகிற பக்கம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டை நல்லது கெட்டது என்று பிரித்துப் பழகினால் மனம் சில நேரம் அதிலேயே சிக்கிவிடும். கலியாண வீட்டில் பந்தியில் இருக்க மாட்டேன் என்கிற, தாய் ஆசையாகச் சமைத்ததில் எண்ணெய் இருக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற இளம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997 இலேயே இந்த நிலைக்கு ஓர்தொரெக்சியா என்று பெயர் வைத்தார். மிதிவெடி என்கிற பொரித்த ரோல் ஒன்றோ ஒரு கப் ஐஸ்கிரீமோ சாப்பிட்டதற்காக மறுநாள் பட்டினி கிடக்கிறார் என்றால், வீட்டில் இருக்கிறவர்கள் அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டாமல் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும். நான் கலியாண வீட்டில் பந்தியில் இருந்து வடை, பாயசம் எல்லாம் சாப்பிடுவேன். வாரத்தின் மற்ற வேளைகள் ஒழுங்காக இருந்தால் ஒரு வேளை எதையும் குழப்பாது.

கடையில் காசு கொடுத்து வாங்கியதையும் வாங்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன், இந்தப் பயணத்தில் அதிகம் பயன்பட்டது அதுதான். ஒரு மாதம் அளந்தாலே கைக்கணக்குப் பழகிவிடும், பிறகு எப்போதாவதுதான் எடுக்கிறேன். சோடா வாங்குவதை விட்டுவிட்டேன். இலங்கையில் 2016 முதல் போத்தலில் சீனி அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள், 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன், இப்போது கடையில் அவளே திருப்பிப் பார்க்கிறாள். தேத்தண்ணிக்குச் சீனி இன்னும் அரைக் கரண்டி போடுகிறேன், அதை விடுகிற எண்ணம் எனக்கில்லை.