குளோன் செய்த கணினிகளில் எம்எஸ்எம்கியூ: தோட்டத்தில் பல வருடம் ஓட்டிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எம்எஸ்எம்கியூ (மைக்ரோசாப்ட் மெசேஜ் கியூயிங், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செய்திகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் அம்சம்) எனக்குப் பிடித்த மென்பொருள். கீழே எழுதுவதில் பாதி புகார் மாதிரி இருக்கும், அதனால்தான்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் சில செம்பனைத் தோட்டங்களுக்கும் ஓர் ஆலைக்கும் கணினி பார்த்துக்கொள்வது என் வேலை. தோட்ட ஆபீஸ், ஸ்டோர், எடைமேடை என்று எல்லா இடத்திலும் விண்டோஸ் கணினிகள், அங்கே பதிகிற லோரி எடையும் குலைக் கணக்கும் டீசல் கணக்கும் ஆலையில் இருக்கும் சர்வருக்குச் செய்தியாகப் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் இடி மழை பிடித்தால் லைன் போகும், சில நாள் கரண்டும் போகும். அதற்காக லோரியை நிறுத்தி வைக்க முடியாது, ஏனென்றால் வெட்டி அடிபட்ட பழம் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். எடை போட்டு டிக்கெட் அடித்து அனுப்பிவிட வேண்டியதுதான். செய்தி உள்ளூர் வட்டிலேயே வரிசையில் நிற்கும், லைன் வந்ததும் தானாகப் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எம்எஸ்எம்கியூ எங்களுக்குச் சரிப்பட்டது. ஆனால் செய்தியை 'ரெக்கவரபிள்' என்று குறித்து அனுப்ப வேண்டும். சும்மா விட்டால் அது 'எக்ஸ்பிரஸ்' வகை, நினைவகத்தில்தான் இருக்கும், கரண்டு போனால் அதுவும் போய்விடும்.

சரி, குளோன் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை கணினிக்கும் ஒவ்வொன்றாக விண்டோஸ் போட யாருக்கும் நேரம் இல்லை. ஒரு கணினியை முழுசாகத் தயார் செய்து, குளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுத்து, மற்றதில் இறக்குவதுதான் வழக்கம். எனக்கு முன் ஒப்பந்தம் எடுத்தவர்கள் எம்எஸ்எம்கியூவையும் உள்ளே நிறுவிவிட்டு இமேஜ் எடுத்திருந்தார்கள். கணினிப் பெயர் வேறு, ஐபி வேறு, எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. பிறகுதான் எடைமேடை கிராணி (குமாஸ்தா) போன் செய்ய ஆரம்பித்தார்: "அண்ணே, நான் டிக்கெட் அடிச்சிட்டேன், மில்லுல வரலைன்னு சொல்றாங்க." எம்எஸ்எம்கியூ சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் அவருடைய செய்தி மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கொஞ்ச நேரத்தில் வேறொரு தோட்டத்திலிருந்து அதே புகார். எல்லாரும் லைனைத்தான் திட்டினார்கள்.

காரணம் லைன் இல்லை. எம்எஸ்எம்கியூ நிறுவும்போது ஒவ்வொரு கணினிக்கும் கியூஎம்ஐடி என்ற தனி அடையாள எண் ஒன்றை உருவாக்கி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) வைக்கிறது, எம்எஸ்எம்கியூவின் பாராமீட்டர்ஸ் கீயில் மெஷின்கேஷ் என்ற இடத்தில். இமேஜ் எடுத்தால் அதுவும் கூடவே நகலாகிறது. சர்வர் அந்த எண்ணையும் அனுப்பியவரின் ஐபியையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டுதான் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்பும். பத்துக் கணினிக்கும் ஒரே எண் என்றால் ஒப்புகை ஒருவருக்குத்தான் போகும், மற்றவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் அவுட்கோயிங் கியூவை (வெளியே போகக் காத்திருக்கும் வரிசை) திறந்து பாருங்கள்: இணைப்பு நன்றாக இருப்பதாகக் காட்டும், 'அன்அக்னாலெஜ்டு' (ஒப்புகை வராதவை) பத்தியில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்தால் கேபிளைத் தொடாதீர்கள், கியூஎம்ஐடியை ஒப்பிடுங்கள்.

இதற்கு மைக்ரோசாப்டே வழி வைத்திருக்கிறது. சர்வீஸை நிறுத்தி, கியூஎம்ஐடி மதிப்பை அழித்து, பாராமீட்டர்ஸ் கீழே சிஸ்பிரெப் என்ற பெயரில் டிவேர்டு (எண் வகை மதிப்பு) ஒன்று போட்டு மதிப்பு 1 கொடுத்து, சர்வீஸைத் திரும்ப ஓட்டினால் புது எண் உருவாகும். அவுட்கோயிங் கியூவில் செய்தி நிற்கும்போது நான் இதைச் செய்யவே மாட்டேன். அந்தச் செய்திகள் ஒருவருடைய நாள் சம்பளக் கணக்கு, குலை எண்ணிக்கை. முதலில் வரிசை காலியாக வேண்டும், அப்புறம்தான் ரெஜிஸ்ட்ரி.

இப்போது நான் செய்வது இன்னும் எளிது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11 இமேஜ் புதிதாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது, அதில் எம்எஸ்எம்கியூவையே சேர்க்கவில்லை. இமேஜை இறக்கிப் பெயர் மாற்றிய பிறகு டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவியின் கட்டளை ஒன்றில் அந்த அம்சத்தை இயக்கினால் போதும், இணையம்கூடத் தேவையில்லை, ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் எண் பிறக்கும். இதை செட்டப்கம்ப்ளீட் ஸ்கிரிப்டில் (விண்டோஸ் நிறுவி முடிந்ததும் ஓடும் கட்டளைக் கோப்பு) போட்டுத் தானாக ஓடவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பிராண்டு கணினியோடு வரும் ஓஇஎம் உரிமச் சாவியில் அந்த ஸ்கிரிப்ட் சாதாரணமாக ஓடாது. நான் கையாலேயே ஓட்டிவிடுகிறேன்.

வேறு மென்பொருளுக்குப் போனால் தப்பிக்கலாமா என்றால், நோய் அங்கேயும் உண்டு, உருவம்தான் வேறு. ரேபிட்எம்கியூ என்ற இன்னொரு செய்தி வரிசை மென்பொருள் தன் தரவுக் கோப்புறையைக் கணினிப் பெயரை (ஹோஸ்ட்நேம்) வைத்துப் பெயரிடுகிறது, குளோன் செய்து பெயரை மாற்றினால் பழைய வரிசைகள் ஒன்றும் இல்லாமல் வெறுமையாக எழுந்து நிற்கும். கருவிகள் செய்தி அனுப்பப் பயன்படும் எம்க்யூடிடி நெறிமுறையில் ஒரே கிளையன்ட் ஐடியோடு (கருவியின் அடையாளப் பெயர்) இரண்டாவது கருவி வந்தால் முதலாவதைத் துண்டித்துவிட வேண்டும் என்பதே விதி. இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்.

புதிதாக எழுதத் தொடங்குகிறவருக்கு எம்எஸ்எம்கியூவைப் பரிந்துரைப்பேனா? மாட்டேன். மைக்ரோசாப்டின் புது நிரலாக்கத் தளமான டாட்நெட் கோர் வந்தபோது, எம்எஸ்எம்கியூவோடு பேச உதவும் சிஸ்டம்.மெசேஜிங் நூலகத்தை அதில் கொண்டுவரவில்லை, பழைய டாட்நெட் பிரேம்வொர்க்கோடு கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற தோட்டத்தில் அதைப் பிடுங்கச் சொல்லவும் மாட்டேன். கியூஎம்ஐடி ஒழுங்கான பிறகு மழைக்காலத்தில் ஒரு டிக்கெட்கூடத் தொலையவில்லை, கிராணி இப்போது வேறு விஷயத்துக்குத்தான் கூப்பிடுகிறார், பெரும்பாலும் பிரிண்டர்.